கெட்டித் தரை

ஏப்ரல் 2, புதன்

சோமசேகரின் லாரிகள் இன்று மதியம் மலையேறி வந்தன. கோடைப் பந்தயங்களுக்காகக் கீழேயிருந்து மணிக்கொம்பைக்குக் குதிரைகளைக் கொண்டுவரும் டிரெய்னர்களில் அவர்தான் எப்போதும் கடைசி. போன இரண்டு கோடைக்கும் அவர் வரவில்லை. இந்தத் தடவை வந்துவிட்டார்.

நான் புல்வெட்டும் இயந்திரத்தின் கத்தியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். காரிலிருந்து இறங்கியவர் நேராக ஓடுபாதைக்கு வந்து, குதிகாலால் புல்லை மிதித்துப் பார்த்தார். எல்லா டிரெய்னர்களும் செய்வதுதான். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன ஜெயசீலன், இந்த ஊர்லயாவது பள்ளம் கிள்ளம் இல்லாம வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். கூட வந்த குதிரை முதலாளிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் ஏன் சிரித்தேன்?

கத்தி மழுங்கிவிட்டது. சாணைக்குக் கொடுக்க வேண்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

தூக்கம் இல்லை. எழுதினாலாவது ஆறுகிறதா பார்க்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் கீழே பெரிய பந்தய மைதானத்தின் தரை என் பொறுப்பில் இருந்தது. சோமசேகரின் குதிரை ஒன்றில் என் தங்கை புனிதாவின் கணவர் ஆல்பர்ட் ஓட்டினார். கடைசி வளைவில் குதிரை முன்னங்கால் மடங்கி விழுந்தது. பின்னால் வந்தவை ஆல்பர்ட்டின் மேல் ஏறிப் போயின. விசாரணையில் சோமசேகர் படங்களோடு வந்தார். விழுந்த குதிரை புரண்டு உதைத்ததில் பெயர்ந்த மண்ணையே காட்டி, "இந்தப் பள்ளத்தில்தான் கால் மாட்டியது" என்றார். அந்த வாரம்தான் நான் அந்த இடத்தில் புதுப் புல் பதித்திருந்தேன். என் மேல் பழி போட அதுவே போதுமானதாக இருந்தது. குதிரையைப் பரிசோதிக்கும் முன்பே புதைத்துவிட்டார்கள். என்னை இந்த மலைக்கு அனுப்பினார்கள்.

ஆல்பர்ட்டின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் புனிதா என்னை நிறுத்தினாள். "உன் தரைதானே அவரைக் கொன்னுச்சு. உள்ள வராதே" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. திருச்சியில் மாமியாரோடு இருக்கிறாள்.

அந்தக் குதிரைக்கு ஏற்கெனவே கால் சரியில்லை, ஊசி போட்டு ஓடவிட்டார்கள் என்று லாயத்தில் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களில் ஒருவரும் விசாரணைக்கு வரவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோவிலிலிருந்து நேராக மைதானத்துக்கு வந்து ஒரு சுற்று நடந்தேன்.

கீழ் மைதானம் மேஜை மாதிரி தட்டையானது. மணல் கலந்த மண். எவ்வளவு மழை பெய்தாலும் வடிந்துவிடும். கடைசி நேர்ப்பாதை நீளமானது. நீண்ட எட்டு வைக்கும் குதிரை பின்னால் கிடந்தாலும் அங்கே எட்டிப் பிடித்துவிடலாம். மணிக்கொம்பையில் ஓடுவது கிண்ணத்தின் விளிம்பில் ஓடுவது போல. முதலில் மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம். காற்றும் மெலிந்தது, கீழிருந்து வரும் குதிரைகள் பத்து நாளாவது பழக வேண்டும். பிறகு இரண்டாம் வளைவு. அங்கே தரை இறங்கிக்கொண்டே வெளிப்பக்கமாகச் சாய்கிறது. கற்பூர மரங்களின் நிழலில் வெயில் தாமதமாகத்தான் விழும். பனி ஈரம் காயாது. அதைத் தாண்டினால் குட்டையான நேர்ப்பாதை, உடனே முடிவுக் கம்பம். பின்தங்கியவன் பிடிக்க இடமே கிடையாது. அதனால் இரண்டாம் வளைவில் உள் கம்பியை ஒட்டி முதலில் திரும்புவது யார் என்பதுதான் இங்கே பந்தயம்.

சோமசேகரின் 'மான்சூன் கிங்' கம்பியை ஒட்டியே ஓடிப் பழகிய குதிரை. மே 11 கோப்பைப் பந்தயத்துக்காகவே அதைக் கொண்டுவந்திருக்கிறார்.

வளைவில் நின்று உள் கம்பி ஓரத்து மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தேன். சிவப்புக் களிமண். தண்ணீர் குடித்தால் சோப்புதான்.

ஏப்ரல் 11, வெள்ளி

காலையில் ஓடுபாதையில் ஒரு ஆள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து வந்தான். தஸ்தகீர். கோப்பைப் பந்தயத்தில் மான்சூன் கிங்கை ஓட்டப்போகும் ஜாக்கி. எந்தத் தரையிலும் ஓட்டுவதற்கு முன் ஒரு வாரமாவது நடந்து பார்ப்பானாம். எங்கே கெட்டி, எங்கே குழைவு, எங்கே புல் படுத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். சொன்னேன். எடை ஏறக் கூடாதென்று காலையில் கறுப்புத் தேநீர் மட்டும்தான் குடிக்கிறான். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது.

ஆல்பர்ட்டும் இப்படித்தான் வெறுங்காலோடு நடப்பார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இரண்டாம் வளைவில் தண்ணீர்க் குழாய் மூட்டில் கசிவு. உள் கம்பி ஓரம். பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

ஆராதனைக்குப் போகவில்லை. சிலுவையின் ஏழு வார்த்தைகளில் "இவர்களுக்கு மன்னியும்" என்பதுதான் முதலில் வரும். அதை உட்கார்ந்து கேட்க மனம் வரவில்லை. அறையில் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்திருந்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மான்சூன் கிங் இன்று வேக ஓட்டம் போனது. கம்பியிலிருந்து ஒரு முழம்கூட விலகவில்லை. கசிவு இருக்கும் இடத்துக்கு மேலேயே போனது. இன்னும் ஊறவில்லை. மேல்புல் பச்சையாக, அழகாக இருக்கிறது, அடியில்தான் மாறிக்கொண்டிருக்கிறது. மே 11க்கு இன்னும் நாளிருக்கிறது.

சோமசேகர் தொலைநோக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, "தரை பிரமாதம்" என்று என் தோளில் தட்டினார். அந்தச் சட்டையைத் துவைக்கப் போட்டேன்.

குழாய்க்காரரைக் கூப்பிட மறந்துவிட்டது.

ஏப்ரல் 26, சனி

தஸ்தகீர் இன்று என்னைத் தேடி ஷெட்டுக்கே வந்தான். இரண்டாம் வளைவில் கம்பி ஓரம் மிதித்தால் அடியில் பொதபொதவென்று இருக்கிறது, தண்ணீர் எங்கிருந்தோ இறங்குகிறது என்றான். முகத்தை மாற்றாமல், பார்க்கிறேன் என்றேன். அவன் போகாமல் நின்றான்.

"வேற யார்கிட்டயும் சொல்லலண்ணே. உங்ககிட்டதான் சொல்லணும்னு வந்தேன். ஏற்கெனவே ஒரு தடவை உங்க பேர கெடுத்துட்டாங்க."

யார் கெடுத்தார்கள் என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அந்த ரேஸ்ல ஆல்பர்ட் அண்ணனுக்குப் பின்னாலதான் நான் வந்தேன். வளைவுக்கு முன்னாடியே சத்தம் கேட்டுச்சு. காஞ்ச கட்டைய ஒடிச்ச மாதிரி. அந்தக் கால் நல்ல தரையிலதான் ஒடிஞ்சது."

ஏன் விசாரணையில் சொல்லவில்லை என்று கேட்டேன். சோமசேகரின் லாயத்தில்தான் அப்போது தனக்குச் சோறு, சொல்லியிருந்தால் எந்த டிரெய்னரும் ஒரு குதிரை தரமாட்டார்கள் என்றான். அதைச் சொன்ன தோரணை, பஸ் ஏன் தாமதம் என்று சொல்வது போல இருந்தது. பிறகு தேநீர் இருக்கிறதா என்று கேட்டான்.

போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

குழாய்க்காரரை வரவழைத்து மூட்டை மாற்றினேன். ஊறிய மண்ணைத் தோண்டி எடுத்து, மணல் கலந்து நிரப்பி, புல் பதித்து, உருளை ஓட்டினேன். நாள் முழுக்க அதே வேலை. நல்ல புத்தி வந்து செய்யவில்லை. பார்த்தவன் ஒருவன் இருக்கிறான், அவ்வளவுதான்.

மூன்று வருடம் ஒருவனைத்தான் வெறுத்தேன். இன்று முதல் இரண்டு பேர்.

மே 2, வெள்ளி

குதிரை லாயங்கள் மேட்டில் இருக்கின்றன. அங்கிருந்து பேடக்கிற்கு, அதாவது பந்தயத்துக்கு முன் குதிரைகளைச் சுற்றிக் காட்டும் வளையத்துக்கு, இரண்டு வழி. ஒன்று கேண்டீனுக்குப் பின்னால் இறங்கும் புல்பாதை. மற்றது பழைய தார்ச்சாலை, பார்வையாளர் மேடைக்கு முன்னாலேயே சரேலென்று இறங்கும். எல்லோரும் புல்பாதையில்தான் வருவார்கள்.

இன்று காலை மான்சூன் கிங்கைப் பராமரிக்கும் ஆள், லாயத்து வாசலில் லாரி நின்றதால் அதைத் தார்ச்சாலையில் சுற்றி நடத்திக்கொண்டு போனார். நான் பத்தடி தூரத்தில் நின்றேன். இறக்கத்தில் இடது முன்னங்கால் ஊன்றும் ஒவ்வொரு தடவையும் குதிரையின் தலை மேலே எழுந்தது. கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும். புல்லில் ஏறியதும் அந்தத் தலையாட்டம் நின்றுவிட்டது.

அந்தக் காலில் வலி இருக்கிறது. குழைவான தரை அதை மறைக்கிறது. ஊசி மீதியை மறைக்கிறது. இரண்டாம் வளைவின் இறக்கத்தில் முழு வேகத்தில் வந்தால் எதுவும் மறைக்காது.

நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும்.

மே 4, ஞாயிறு

வளைவு முழுவதையும் மறுபடி சரிபார்த்தேன். ஒரு குழிகூட இருக்கக் கூடாது. தரையின் உறுதியைக் காட்டும் கருவியோடு மூன்று அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு போய், இடத்துக்கு இடம் குத்திக் காட்டினேன். படம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மணிக்கொம்பையில் இப்படி ஒரு தரையைப் பார்த்ததில்லை என்று ஒருவர் சொன்னார். உண்மைதான். என் வாழ்நாளில் இவ்வளவு ஆசையாக ஒரு தரையை நான் பார்த்துக்கொண்டதில்லை.

இந்தத் தடவை கால் ஒடிந்தால் யாரும் பள்ளத்தைக் காட்ட முடியாது. தஸ்தகீர் எல்லோருக்கும் முன்னால், தன் உடம்பால் சாட்சி சொல்லட்டும்.

மே 7, புதன்

காலையில் தஸ்தகீர் வந்தான். சேர்ந்து நடந்தோம். அவனே பேச்சை எடுத்தான். "குதிரைக்கு இடது கால் கொஞ்சம் சரியில்லண்ணே. மேல உக்காந்தா தெரியுது." அப்படியானால் ஏன் ஏறுகிறாய் என்று கேட்டேன். தான் இறங்கினால் வேறொருவன் ஏறுவான், ஆறு மாதமாக நல்ல குதிரை ஒன்றும் கிடைக்கவில்லை என்றான். வளைவில் கொஞ்சம் வெளியே எடுத்துத் திருப்பினால் காலுக்குச் சுமை குறையுமா என்று என்னிடமே கேட்டான்.

வெளிப்பக்கம் சாய்வு அதிகம், சுமை கூடத்தான் செய்யும் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை.

சாயங்காலம் புனிதாவின் எண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். பின்னால் வந்தவன் பார்த்திருக்கிறான், தரையில் குற்றமில்லை, அவனே இப்போது அதே டிரெய்னரின் நொண்டிக் குதிரையில் ஏறப்போகிறான் என்று எல்லாவற்றையும் எழுதினேன். படித்துவிட்டாள் என்று காட்டியது. பதில் இல்லை.

மே 9, வெள்ளி

பிற்பகலில் நல்ல மழை. வளைவு நன்றாக வடிந்தது. கேண்டீனுக்குப் பின்னாலுள்ள புல்பாதைதான் கொஞ்சம் சொதசொதவென்று இருக்கிறது.

புனிதா கூப்பிட்டாள்.

மூன்று வருடம் கழித்து அவள் குரல். "அண்ணா" என்றாள். நீ சொன்னதெல்லாம் நிஜமா என்று கேட்டாள். நிஜம் என்றேன். உன்னை வாசலில் நிறுத்தியது தப்பு என்றாள். பரவாயில்லை என்றேன். பின்னால் குக்கர் விசில் அடித்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அந்தக் குதிரை நாளன்னிக்கு ஓடுதாண்ணா?"

"ஓடுது."

"ஓடட்டும். நீ யார்கிட்டயும் எதுவும் சொல்லிடாத. அவன் விழட்டும். அவன் பொண்டாட்டியும் என்னை மாதிரி உக்காரட்டும்."

சாம்பாருக்குப் புளி கரைக்கச் சொல்வது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். புனிதா சின்ன வயதில் கோழி அறுப்பதைப் பார்க்க மாட்டாள், கொல்லைக்கு ஓடிவிடுவாள். சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஒரு வாரமாக நான் நினைத்துக்கொண்டிருந்ததைத்தான் அவள் சொன்னாள். ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லை. வேறொருவர் வாயில் கேட்கும்வரை அது எனக்கு நியாயம் மாதிரியே இருந்தது. அவளை இப்படிப் பேச வைத்தது சோமசேகர் மட்டும்தானா? செய்தி அனுப்பியது நான்.

மே 10, சனி

அதிகாரிகளிடம் போய்ச் சொல்லலாமா என்று காலை முழுக்க யோசித்தேன். யார் சொல்வது? விசாரணையில் தோற்றுப்போன ஜெயசீலன், தன்னைத் தோற்கடித்த டிரெய்னரைப் பற்றிச் சொல்கிறான். சோமசேகர் சிரித்துவிட்டு, குதிரையைப் புல்லில் ஓட்டிக் காட்டுவார். புல்லில் அது ராஜா மாதிரிதான் ஓடும்.

மதியம் கேண்டீனுக்குப் பின்னாலுள்ள பாதையில் மூங்கில் தடுப்பு கட்டினேன். 'மழையால் சேதம். குதிரைகள் தார்ச்சாலை வழியாக வரவும்' என்று பலகை மாட்டினேன். கையெழுத்தும் போட்டேன். அது என் அதிகாரத்துக்குள் உள்ள வேலை.

பிறகு மைதானத்துக் குதிரை டாக்டர் மாலினியைப் பார்த்து, நாளைக்குக் குதிரைகள் தார்ச்சாலையில் இறங்குகின்றன, வழுக்கினாலும் வழுக்கும், கோப்பைப் பந்தயத்தின்போது நீங்கள் கீழே நின்றால் நல்லது என்றேன். என்னைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தார். சரி என்றார்.

மே 11, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நல்ல வெயில். மேடை நிறையக் கூட்டம். கோப்பைப் பந்தயத்துக்கு எட்டுக் குதிரைகள். ஒவ்வொன்றாகத் தார்ச்சாலையில் இறங்கின. லாடச் சத்தம் டக் டக்கென்று கேட்டது. ஐந்தாவதாக மான்சூன் கிங். மினுங்குகிற உடம்பு. கைதட்டினார்கள். நாலு எட்டு வைத்ததும் தலை எழுந்தது. மறுபடி. மறுபடி. லாடச் சத்தத்தில்கூட ஒரு தட்டு மெலிதாகக் கேட்டது. டாக்டர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

அங்கேயே மேலும் கீழும் துள்ளு நடையில் ஓட்டிக் காட்டச் சொன்னார். கூட்டம் அடங்கிப் பார்த்தது. சோமசேகர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தார் ரோட்டில் எந்தக் குதிரையும் இப்படித்தான் நடக்கும் என்று வாதாடினார். "மத்தது ஒண்ணும் இப்படி நடக்கலையே" என்று டாக்டர் குனிந்து காலைத் தொட்டார். குதிரை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. முழங்கால் மூட்டில் முடிக்குள் ஊசித் தழும்பு இருந்தது, ஒன்றல்ல. ரத்தம் எடுத்தார்கள். மான்சூன் கிங் விலக்கப்பட்டதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பந்தயம் கட்டியவர்கள் மேடையிலிருந்து கூச்சல் போட்டார்கள்.

சோமசேகர் சுற்றிலும் பார்த்தார். "எவன்யா அந்தப் பாதைய மூடினது?"

"நான்தான் சார்" என்றேன். "பள்ளம் இருந்துச்சு."

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. முகத்தில் ரத்தம் வற்றுவதை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன். கண்ணை எடுக்கவே இல்லை.

தஸ்தகீர் பந்தயச் சட்டையோடு, சவுக்கைப் பிடித்துக்கொண்டு வளையத்துக்குள் நின்றான். யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை.

ஏழு குதிரைகளும் ஓடின. இரண்டாம் வளைவை எல்லாம் சுத்தமாகத் திரும்பின.

பொய் எழுத வேண்டாம். அந்தக் குதிரை அந்த வளைவில் எப்படி வந்திருக்கும் என்று அப்போதும் என் கண் தேடிக்கொண்டுதான் இருந்தது.

மே 12, திங்கள்

புனிதாவிடம் போனில் சொன்னேன். "விழலையா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை, ஏறவே விடவில்லை என்றேன். வைத்துவிட்டாள்.

மே 22, வியாழன்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. தடைசெய்யப்பட்ட மருந்து. சோமசேகரின் உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். லாயத்திலுள்ள மற்ற குதிரைகளையும் பரிசோதித்ததில் இன்னும் இரண்டு சிக்கின. முதலாளிகள் போட்டி போட்டுக்கொண்டு தங்கள் குதிரைகளைப் பிரித்துக்கொண்டு போகிறார்கள். காலியான லாயத்துக் கதவுகள் காற்றில் அடித்துக்கொள்கின்றன. இன்று வேண்டுமென்றே அந்தப் பக்கமாக இரண்டு தடவை போனேன். உள்ளே அவர் ஒரு பக்கெட்டின் மேல் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். யாரையோ "சார், சார்" என்று கெஞ்சினார். அந்த "சார்" கேட்க இனிமையாக இருந்தது.

மூன்று வருடத்துக்கு முந்திய தீர்ப்பை மட்டும் யாரும் தொடவில்லை. அந்தக் குதிரையைப் புதைத்தாகிவிட்டது.

மே 24, சனி

தஸ்தகீர் ஊருக்குக் கிளம்புமுன் வந்தான். கையைப் பிடித்துக்கொண்டான். உயிர்ப் பிச்சை கொடுத்தீர்கள் என்று ஏதேதோ சொன்னான். கையை விடுவித்துக்கொண்டேன்.

"உனக்காகச் செய்யல. நன்றி சொல்லாத" என்றேன். "திருச்சிக்குப் போ. என் தங்கச்சி வீட்டு வாசல்ல நில்லு. நீ கேட்ட சத்தத்தை, ஏன் சொல்லாம இருந்தேன்னு, எல்லாத்தையும் அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் வெளிறிப்போனான். அதற்குப் பதில் விசாரணைக் குழுவுக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றான். அதையும் செய், ஆனால் முதலில் திருச்சி என்றேன். விலாசம் சொன்னேன். குதிரையிலிருந்து விழுவதற்குப் பயப்படாதவன், கேட்டை நோக்கிக் காலை இழுத்துக்கொண்டு போனான். போவானா என்று தெரியாது.

மே 29, வியாழன்

கோடைப் பந்தயங்கள் முடிந்தன. ஓடுபாதையைத் துளைபோட்டுக் காற்றோட்டம் கொடுக்கத் தொடங்கினோம். முதுகு வலி.

ஜூன் 1, ஞாயிறு

மாலையில் புனிதாவின் அழைப்பு.

தஸ்தகீர் நேற்று உச்சி வெயிலில் வந்தானாம். கேட்டுக்கு வெளியே நின்று பெயரைச் சொன்னானாம். மாமியார் உள்ளே கூப்பிடப் போனார், இவள் தடுத்துவிட்டாள். அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொன்னான். நடுவில் அழுதான். அவள் அழவில்லை. மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாளாம். சொன்னானாம். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தின் நகலையும் கொடுத்துவிட்டுப் போனான்.

கடைசியாக ஒன்று சொன்னாள்.

"ரொம்ப நேரம் வெயில்ல நின்னான்ணா. தண்ணி கேட்டான். நான் குடுக்கல."

"நல்லது செஞ்சே" என்றேன்.

"செஞ்சேன்ல?"

"செஞ்சே."

வெகு காலம் கழித்து நாங்கள் இருவரும் ஒரே பக்கம் நின்றோம். பிறகு அவள், அங்கே இன்னும் குளிர்கிறதா, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டாள்.